தேர்வெழுதலாம், படிக்க இடமில்லை

துபாய்க்கு வேலைக்குப் போக நினைக்கும் ஒரு கொத்தனாரிடம் இந்திய அரசு முதலில் கேட்பது அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழை. கரண்டி பிடிக்கும் திறமை பிறகுதான். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் ஏற்பாட்டில், பத்தாம் வகுப்பு தேறாதவருக்குப் பொதுவாக ‘இ.சி.ஆர்.’ வகைக் கடவுச்சீட்டுதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகவேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. வருமான வரி கட்டுவோர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஏமாற்றுக்கார ஏஜெண்டுகளிடமிருந்து படிப்பறிவு குறைந்தவரைக் காப்பதுதான் இந்த விதியின் நோக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு என்ற ஒரு கோடு எவ்வளவு ஆழமாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் இதுவே சாட்சி. உள்ளூரிலும் கதை வேறல்ல. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று லட்சக்கணக்கானோர் போட்டியிடும் குரூப் 4 தேர்வை எழுதப் பத்தாம் வகுப்புதான் அடிப்படைத் தகுதி. தொழிற்பயிற்சி நிலையங்களில் நல்ல வேலை தரும் பிரிவுகள் பலவற்றிலும் அதைத்தான் கேட்கிறார்கள். லாரி, பஸ் ஓட்டும் உரிமத்துக்குக்கூட 2019 வரை எட்டாம் வகுப்பு கட்டாயமாக இருந்தது. ஓட்டுநர் தட்டுப்பாடும், வண்டியோட்டும் திறனுக்கும் வகுப்புக்கும் தொடர்பில்லை என்ற வாதமும் சேர்ந்து அந்த விதியை நீக்கவைத்தன. பத்தாம் வகுப்பு விதிகளை அப்படி நீக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பத்தாவதைத் தாண்டாதவர்கள் யாரோ சிலர் என்று நினைக்கவேண்டாம். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பத்தாண்டோ அதற்கு மேலோ பள்ளியில் படித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 57 பேர். ஆண்களில் சுமார் 59. இந்திய அளவில் பெண்களுக்கு 41, ஆண்களுக்கு 50 என்பதோடு ஒப்பிட்டால் நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் படித்தால், வேலைசெய்யும் வயதிலுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பத்தாண்டுப் படிப்பை முடிக்கவில்லை. இன்று பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் மாணவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் தேறிவிடுகிறார்கள், 2024இல் 91.55, 2025இல் 93.80. ஒவ்வொரு மே மாதமும் இந்த எண்களைப் பார்த்துப் பழகியதால், பத்தாவது தேறாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த டுடோரியல் காலேஜ்களின் பலகைகளும் அதோடு சேர்ந்து மறைந்தன.

இவர்கள் ஏன் நின்றார்கள் என்பது ரகசியமல்ல. ஊரில் நடுநிலைப் பள்ளி வரைக்கும் இருக்கும். உயர்நிலைப் பள்ளிக்கு ஆறேழு கிலோமீட்டர் போகவேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் தயங்கியிருப்பார்கள். விலையில்லா சைக்கிள் திட்டம் பரவியது 2000களில்தான்; அதற்கு முந்தைய தலைமுறைக்கு அது கிடைக்கவில்லை. சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டி ஒட்டப் போன சிறுவர்கள், கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலி’ என்ற பெயரில் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குப் போன சிறுமிகள், அப்பா இறந்ததும் பட்டறையில் சேர்ந்த மூத்த பையன்கள், கணக்கிலோ ஆங்கிலத்திலோ ஒருமுறை தவறியதும் அவமானத்தில் பள்ளிப் பக்கமே போகாதவர்கள். இன்று இவர்களுக்கு முப்பது, நாற்பது வயது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது ஆறு முதல் பதினான்கு வயதுவரைதான் பொறுப்பேற்றது. அதாவது எட்டாம் வகுப்புவரை. உரிமை எட்டாவதோடு முடிகிறது, வேலைச் சந்தையும் அரசு விதிகளும் பத்தாவதிலிருந்துதான் பேசவே தொடங்குகின்றன. நடுவிலுள்ள இரண்டு வகுப்புகளை வறுமை, திருமணம், வேலை ஆகிய மூன்றும் எளிதாகக் கவ்விக்கொள்கின்றன.

விட்ட படிப்பைத் தொடர வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. முதலாவது, தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வர் முறை. பதினான்கரை வயது நிரம்பிய, எட்டாம் வகுப்புத் தேறிய எவரும் நேரடியாகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. எட்டாவதே முடிக்காதவர்கள் முதலில் இ.எஸ்.எல்.சி. எனப்படும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதவேண்டும். விண்ணப்பத்தை இயக்ககம் அறிவிக்கும் சேவை மையங்களில் பதிவுசெய்யலாம். தேதியைத் தவறவிட்டவர்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் தட்கல் வசதியும் உண்டு. ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதினால் போதும். அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. செய்முறைக்காக மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பதிவுசெய்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் பயிற்சிக்குப் போகவேண்டும். அதில் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வுக்கு அனுமதி. இந்தச் செய்முறைப் பயிற்சியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம். அரசு ஒரு தனித்தேர்வரை வகுப்பறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தரும் ஒரே இடம் அதுதான்.

இரண்டாவது வழி, என்.ஐ.ஓ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமாகி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்றது. பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் தமிழ்வழியிலும் சேரலாம். ஐந்து பாடங்கள் தேறினால் போதும். அறிவியல், கணக்கு கட்டாயமில்லை, பட்டியலிலிருந்து நாமே தேர்ந்துகொள்ளலாம். பதிவு ஐந்தாண்டு செல்லும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒரு பாடம் இந்த முறை, இரண்டு பாடம் அடுத்த முறை என்று சேர்த்துக்கொண்டே போகலாம். வேறு வாரியத்தில் முன்பே தேறிய பாடம் இருந்தால் இரண்டுவரை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு படிப்பவரின் நிலைமை புரிந்தவர்கள் வகுத்த விதிகள் இவை. அரசுப் பணியை மனத்தில் வைத்துச் சேர்கிறவர்கள் மட்டும், சேரும் தேதியில் நடப்பிலுள்ள தமிழ்நாட்டு இணைத்தன்மை அரசாணையை விசாரித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் திறந்தநிலைக் கல்வியைப் பொறுத்தவரை நம் மாநிலம் ஒருமுறை கடுமையாகப் பாடம் படித்தது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் இல்லாமலே, வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து, பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் என்ற வரிசையில் பெறாத பட்டங்கள் அரசுப் பணிக்குச் செல்லாது என்று தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் ஆணையிட்டது. எம்.ஏ. முடித்தவர்கள் பிளஸ் டூ எழுத உட்கார்ந்த விநோதமும் அப்போது நடந்தது. அடித்தளத்தைத் தாண்டிக் குதிக்கும் குறுக்குவழி பலருக்குக் காசையும் வருடங்களையும் தின்றுவிட்டது.

ஆக, விதிகளில் குறை சொல்ல அதிகமில்லை. பாடநூல்கள் இணையத்தில் இலவசம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஓடுகின்றன. இவ்வளவு இருந்தும் குறை எங்கே? சொல்லித்தர ஆள் இல்லை என்பதில். தனித்தேர்வர் என்ற பெயரிலேயே அவர் தனியாள் என்பதை அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. இருபது ஆண்டு முன்பு ஒன்பதாவதோடு நின்ற ஒருவர் இன்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால், அவர் படித்த பாடத்திட்டம் அதில் இல்லை. 2019-20இல் அது முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. இயற்கணிதத்தில் முதல் பக்கத்தைத் தாண்ட ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்திருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க யாருமில்லை. பெற்ற பிள்ளையிடம் கேட்கலாம்தான். எத்தனை அப்பாக்களுக்கு அது முடியும்? தேர்வுக்கூடத்தின் கதவை அரசு அகலமாகத் திறந்துவைத்திருக்கிறது, வகுப்பறையின் கதவை மட்டும் பூட்டிவைத்திருக்கிறது. வயதுவந்தோர் பள்ளிப்படிப்பை முடிக்க நம் மாநிலத்தில் தேவைப்படுவது இன்னொரு தேர்வோ எளிதான வினாத்தாளோ அல்ல. வாரத்தில் சில மணி நேரம் ஓர் ஆசிரியரும் ஒரு கரும்பலகையும் கூடப் படிக்கும் பத்துப் பேரும். இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு வலுவான ஆதாரம், முரணாகத் தோன்றினாலும், அமெரிக்காவின் ஒரு தோல்வியிலிருந்து கிடைக்கிறது. ஜி.இ.டி. என்ற தேர்வு அங்கே 1942இல் பிறந்தது. பள்ளியை முடிக்காமல் இரண்டாம் உலகப்போருக்குப் போன சிப்பாய்கள் திரும்பிவந்து மறுபடியும் பெஞ்சில் உட்காரவேண்டாம், ஒரு தேர்வெழுதி உயர்நிலைப் பள்ளிக்கு இணையான சான்றிதழ் வாங்கிக்கொள்ளட்டும் என்பது எண்ணம். 1947இல் நியூயார்க் மாநிலம் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. பிறகு நாடு முழுவதும் பரவியது. அரை நூற்றாண்டு கழித்து ஜேம்ஸ் ஹெக்மன் என்ற பொருளியலாளர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், ஸ்டீபன் கேமரனோடு சேர்ந்து 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஜி.இ.டி. தேறிய ஆண்களின் கூலி, பள்ளியை முடித்தவர்களின் கூலியோடு ஒட்டவில்லை. பள்ளியை விட்டே போனவர்களின் கூலியோடுதான் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மூளைத்திறனில் இவர்கள் பள்ளியை முடித்தவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல என்பதையும் ஹெக்மன் காட்டினார். பின்னர் 2014இல் வந்த நூலில் அவரும் சக ஆய்வாளர்களும் சொன்ன விளக்கம், பள்ளி தருவது பாட அறிவை மட்டுமல்ல, நேரத்துக்கு வருவது, எடுத்ததை முடிப்பது, பிறரோடு ஒத்துப்போவது போன்ற பழக்கங்களையும்தான். ஒருநாள் தேர்வு அவற்றைத் தராது, அளக்கவும் அளக்காது என்பது. அந்தத் தேர்வுக்குப் பலர் தயாராவது சில பத்து மணி நேரம்தான். ஒரு பள்ளியாண்டோ ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம்.

வயதுவந்தோர் கல்வியை வீண் என்பவர்கள் ஹெக்மனைத்தான் கையிலெடுப்பார்கள். எடுக்கட்டும். அவர் காட்டியது என்ன? கற்பிக்காமல் தேர்வு மட்டும் வைத்தால் பயன் குறைவு என்பதை. வயதுவந்தவருக்குக் கற்பிப்பதால் பயனில்லை என்று அவர் காட்டவில்லை. அதே அமெரிக்காவில், 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் குட்வில் என்ற தொண்டு நிறுவனம் எக்ஸெல் சென்டர் என்ற பெயரில் வயதுவந்தோருக்கென்றே உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. அங்கே தருவது இணைச் சான்றிதழ் அல்ல, அசல் பள்ளிச் சான்றிதழ். ஆசிரியர் இருக்கிறார், ஒவ்வொருவருக்கும் வழிகாட்டி இருக்கிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலேயே ஏற்பாடு இருக்கிறது. அங்கே படித்து முடித்தவர்களின் சம்பாத்தியத்தைப் பின்தொடர்ந்த ஆய்வு, அது கணிசமாக உயர்ந்ததைப் பதிவுசெய்திருக்கிறது. இன்னொன்று: ஜி.இ.டி. பற்றிய ஆய்வு முடிவுகள்கூட முழுக்க எதிர்மறையானவையல்ல. 2000இல் டைலர், மர்னேன், வில்லட் மூவரும் செய்த ஆய்வில், தேர்ச்சிக் கோட்டின் விளிம்பில் நின்ற வெள்ளையின இளைஞர்களுக்கு ஜி.இ.டி. சான்றிதழால் வருமானம் 10 முதல் 19 விழுக்காடுவரை கூடியது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஒரே காகிதம், ஒரே மதிப்பெண், வேறு வேறு பலன். சாதி தெரிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நம் நிலைமை ஓரிடத்தில் அமெரிக்காவிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே ஜி.இ.டி.யின் விலையைப் பெரும்பாலும் முதலாளிகள் தீர்மானிக்கிறார்கள். இங்கே பத்தாம் வகுப்பின் விலையில் பெரும்பகுதியைச் சட்டமும் அரசாணையும் தீர்மானிக்கின்றன. கடவுச்சீட்டு அலுவலகம் பழக்கவழக்கம் பார்ப்பதில்லை. சான்றிதழ் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். எனவே வெறும் காகிதத்துக்கும் இங்கே பலன் உண்டு. ஆனால் அந்தக் காகிதத்தை எட்டவே கற்பித்தல் தேவைப்படுகிறது என்பதுதான் தனியே உட்கார்ந்து போராடுகிறவர்களின் நிலை. இதற்கு நம் சிறைகளையே பார்க்கலாம். 2024இல் தமிழ்நாட்டுச் சிறைவாசிகள் 260 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி 228 பேர் தேறினார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் கணக்கு இது. ஆனால் பள்ளியை எப்போதோ விட்ட, குடும்பத்தைப் பிரிந்த, மனம் உடைந்த மனிதர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தேறமுடிகிறது என்பதை அது காட்டுகிறது. சிறைக்குள் பள்ளி இருக்கிறது, நேரமும் இருக்கிறது. வெளியில் சுதந்திரமாக நடமாடும் நூற்பாலைத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை.

பக்கத்து மாநிலத்தில் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். கேரளத்தின் எழுத்தறிவு இயக்கம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாட்டிகள்: ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மா 2018இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி 100க்கு 98 வாங்கியதும், கொல்லத்தின் பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியதும் பத்திரிகைகளில் படத்தோடு வந்தன. இருவருக்கும் மத்திய அரசின் நாரி சக்தி விருதும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்தப் படங்கள் ஒரு தீங்கையும் செய்கின்றன. வயதானபின் படிப்பது வேடிக்கையான சாதனை என்ற எண்ணத்தை வளர்த்து, 34 வயதில் வேலைக்காகப் படிக்கும் பெண்ணைக் கண்ணிலிருந்து மறைக்கின்றன. உண்மையான வேலை வேறிடத்தில் நடக்கிறது. 1991 ஏப்ரலில் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்துக்கொண்டபின் கேரளம் கடையைக் கட்டவில்லை. மாநில எழுத்தறிவு இயக்கத்தை வைத்தே நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புகளுக்கும் மேல்நிலைக்கும் இணையான படிப்புகளை அடுக்கடுக்காக ஏற்படுத்தியது. பத்தாம் வகுப்புக்கு 17 வயது நிரம்பியிருக்கவேண்டும், மேல்நிலைக்கு 22. வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் அரசுப் பள்ளிக் கட்டடங்களில் நடக்கின்றன. திருநர்களுக்கு ‘சமன்வய’ என்ற பெயரில் உதவித்தொகையோடு தனித் திட்டம். பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலைக்கும் தேர்வை நடத்திச் சான்றிதழ் தருவது பள்ளி மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் அதே அரசுத் துறை.

அங்கேயும் விதிகள் இளகாதவைதான். மலையாள நடிகர் இந்திரன்ஸ் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தையல்காரரானவர். பிறகு தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டுவரை உயர்ந்தவர். 2023இல் பத்தாம் வகுப்பு இணைப்படிப்பில் சேர்ந்தார். ஏழாம் வகுப்பு முடிக்காமல் பத்தாவதுக்கு வரமுடியாது என்று விதி குறுக்கே நின்றது. அவர் பின்வாங்கி ஏழாம் வகுப்பு எழுதி, 2024இல் தேறினார். ஒரு நட்சத்திரத்துக்காக விதியை வளைக்காதது சரியே என்று படுகிறது. அதைவிட முக்கியமானது, பின்வாங்கி நிற்க அங்கே ஒரு படி இருந்தது என்பது. ஏழாம் வகுப்புக்கு வகுப்பறை இருந்ததால்தான் அவரால் அங்கே போக முடிந்தது. நம் ஊரிலும் எழுத்தறிவின் வரலாறு சிறிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை எழுத்தோடு சைக்கிளும் கற்கவைத்தது. ஆனால் அந்த இயக்கம் கையெழுத்தோடும் வாசிப்போடும் நின்றது. அங்கிருந்து எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் ஏணி போடப்படவில்லை. 2022இல் தொடங்கி 2027வரை நடக்கும் மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஒதுக்கியிருப்பது 1,037.90 கோடி ரூபாய். தமிழ்நாட்டிலும் அது நடக்கிறது. அதன் முதல் இலக்கும் அடிப்படை எழுத்தும் எண்ணும்தான். கேரளம் முதல் படிக்குமேல் கட்டிய மாடியை நாம் இன்னும் கட்டவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. நாற்பது வயதில் மண்டையில் ஏறுமா என்பது பழையது, எளிதில் பதில் சொல்லக்கூடியது. 1956இல் வார்னர் ஷாய் தொடங்கிய சியாட்டில் நெடுங்கால ஆய்வு, ஒரே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. வேகமாகச் செய்யவேண்டிய கணிப்புகள் வயதோடு தளர்கின்றன. சொல்வளமும் சொற்களைப் புரிந்துகொள்ளும் திறனும் நடுவயதுவரை ஏறிக்கொண்டே இருக்கின்றன. தமிழும் சமூக அறிவியலும் நாற்பது வயதுக்காரருக்குப் பதினைந்து வயதுக்காரரைவிட எளிதாக வரலாம். கணக்குக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஆக, கேள்வி மூளையைப் பற்றியதல்ல, நேரத்தைப் பற்றியது. இரவு எட்டு மணிக்குச் சமையலறையை முடித்துவிட்டு உட்காரும் பெண்ணுக்குக் களைப்புதான் பெரிய தடை.

பணம் பற்றிய எதிர்வாதம் கனமானது. இருக்கிற பணத்தைச் சிறுபிள்ளைகளுக்குச் செலவிடுவதுதானே புத்திசாலித்தனம்? இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், தாய் படித்தால் பிள்ளை படிக்கும் என்பது. அந்தப் பதிலை முழுதாக நம்பிவிட முடியாது. 1960களை ஒட்டி நார்வே கட்டாயக் கல்வியை ஏழாண்டிலிருந்து ஒன்பதாண்டாக்கியபோது பெற்றோருக்குக் கிடைத்த கூடுதல் படிப்பு, பிள்ளைகளின் படிப்பைப் பெரிதாக உயர்த்தவில்லை என்று பிளாக், டெவெரோ, சல்வானெஸ் மூவரும் 2005இல் காட்டினார்கள். தாய்க்கும் மகனுக்கும் இடையே மட்டும் சிறிது தொடர்பு தென்பட்டது. மேலும், ஒரு பெண்ணை அவள் பிள்ளைக்காக மட்டும் படிக்கவைக்கவேண்டும் என்று சொல்வதே சற்றுக் கூச்சப்படவேண்டிய வாதம். அவளும் குடிமகள், பதினான்கு வயதில் அவளுக்குச் சேரவேண்டியது சேரவில்லை, அது பாக்கி. தவிர, இங்கே கேட்கப்படும் பணம் பெரிதல்ல. அரசுப் பள்ளிக் கட்டடங்கள் மாலையிலும் ஞாயிறிலும் பூட்டித்தான் கிடக்கின்றன. 2021இல் கொரோனாவுக்குப் பின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்களை மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் இந்த மாநிலம்தான் திரட்டிக்காட்டியது. அந்த நிர்வாக அனுபவத்தில் ஒரு சிறு பங்கு போதும், ஒன்றியத்துக்கு இரண்டு மாலைப் பள்ளிகளை நடத்த.

மூன்றாவது எதிர்வாதம், ஏன் பத்தாம் வகுப்பு, தொழிற்பயிற்சி கொடுத்தால் போதாதா என்பது. சுவீடன் 1997 முதல் 2002வரை ‘அறிவு உயர்வு’ என்ற பெயரில் லட்சக்கணக்கான வேலையற்றோரை மேல்நிலைப் படிப்புக்கு அனுப்பியது. படிக்கும் முதல் ஆண்டில் வேலையில்லாக் காலத்து உதவித்தொகைக்கு இணையாகப் பணமும் தந்தது. பலன் கலவையாக இருந்தது: இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு கூடியது, மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. எனவே பள்ளிப்படிப்பு எல்லா நோய்க்கும் மருந்தென்று யாரும் சொல்லவேண்டாம். ஆனால் நம் நாட்டில் தொழிற்பயிற்சியின் வாசலிலேயே பத்தாம் வகுப்புதான் காவல் நிற்கிறது. எட்டாவதோடு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழித்தேர்வுகளை எழுதிப் பத்தாம் வகுப்புக்கு இணைச் சான்று பெறலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தாமல் சேர்த்துப் போகும் நல்ல வழி அது. பரவலாகத் தெரியாமல் இருப்பதுதான் அதன் குறை.

அரசு செய்யாத இடத்தில் யார் நுழைகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ‘நேரடி பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஒரே ஆண்டில்’ என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் சில ஒழுங்கானவை. பல, கேள்விப்படாத பெயருடைய வாரியங்களின் சான்றிதழை விற்பவை. பல ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிய காகிதம் சான்றிதழ் சரிபார்ப்பின்போது செல்லாமல் போகிறது. சிலசமயம் வழக்கில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தேர்வெழுதாமல் சான்றிதழ் தருவதாகச் சொல்பவர்களை நம்பவேண்டாம். மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ என்.ஐ.ஓ.எஸ். மண்டல மையத்திலோ நேரில் விசாரிக்காமல் எங்கும் பணம் கட்டவேண்டாம்.

ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் புனேயில் இரவுப் பள்ளி தொடங்கியது 1855இல். மும்பையில் இரவு உயர்நிலைப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பகலில் வேலைபார்ப்பவர்கள் மாலையில் வந்து பத்தாவது எழுதுகிறார்கள். கேரளம் ஞாயிற்றுக்கிழமையில் நடத்துகிறது. தமிழ்நாட்டில் மாலைநேரக் கல்லூரி உண்டு, தொலைநிலைப் பட்டம் உண்டு. அவற்றுக்குப் போக முதலில் ஏறவேண்டிய பத்தாம் வகுப்புக்கு மட்டும் மாலைப் பள்ளி இல்லை. அரசு அதைத் தொடங்கும்வரை உள்ளாட்சிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நூலகங்களும் சிறு அளவில் செய்யலாம். கிளை நூலகத்தில் ஞாயிறு காலை மூன்று மணி நேரக் கணக்கு வகுப்புக்கு அரசாணை தேவையில்லை. தொழில் நடத்துபவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. உங்கள் கடையில், பட்டறையில், வீட்டில் வேலைபார்ப்பவர் யாரேனும் தனித்தேர்வராகப் பதிவுசெய்திருந்தால், அறிவியல் செய்முறைப் பயிற்சி நாட்களுக்கும் தேர்வு நாட்களுக்கும் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். பதிவுசெய்யாமல் தயங்குபவராக இருந்தால், அடுத்த அறிவிப்பு எப்போது என்று நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள்.